வீட்டில் தோட்டா நிரப்பும் மேசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறியாமல் எடுத்து வைத்து, அதில் புது பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), புது மருந்து (வெடிமருந்துத் தூள்), புதுக் குண்டு (குழலிலிருந்து பாய்ந்து போகும் முனை) வைத்து மறுபடி தோட்டாவாக்குவதை ரீலோடிங் என்கிறார்கள். இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்களும் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களும் இதை வீட்டிலேயே செய்கிறார்கள். புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்தக் கருவி வாங்கலாம் என்றுதான். நான் சொல்வது, கருவிக்கு முன்னால் மேசை. அசையாத மேசை, நல்ல வெளிச்சம், தொந்தரவு இல்லாத மூலை, இந்த மூன்றும் அமைந்துவிட்டால் சாதாரணக் கருவியிலும் நல்ல தோட்டா செய்யலாம். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு மருந்து என்பது இங்கே இருக்காது. அதை மருந்தும் குண்டும் தயாரிப்பவர்கள் வெளியிடும் கையேட்டைத் திறந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் தோட்டா நிரப்பச் சட்டம் அனுமதிக்கிறதா?

நாட்டுக்கு நாடு வேறு. சில நாடுகளில் துப்பாக்கி உரிமம் இருந்தால் போதும். சில நாடுகளில் மருந்தும் பிரைமரும் வாங்கவே தனி அனுமதி வேண்டும். இன்னும் சில நாடுகளில் தனி ஆள் தோட்டா செய்வதே குற்றம். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தையும், வீட்டுக் காப்பீடு இருந்தால் அதன் நிபந்தனைகளையும் படியுங்கள். இதெல்லாம் தெளிவாகாமல் ஒரு பலகை கூட வாங்காதீர்கள்.

எந்த அறையில் போடலாம்?

சமையலறை வேண்டாம், படுக்கையறை வேண்டாம். குழந்தைகள் ஓடியாடும் கூடமும் வேண்டாம். கதவைப் பூட்ட முடிகிற சின்ன அறை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. கார் நிறுத்தும் கொட்டகையில் பலர் போடுகிறார்கள். தரை சிமென்ட் என்பது அங்கே வசதி. ஆனால் வெயில் காலத்தில் கொதிக்கும், மழைக் காலத்தில் ஈரம் ஏறும். அப்படிப்பட்ட இடத்தில் மேசையை மட்டும் வைத்துக்கொண்டு, மருந்தையும் பிரைமரையும் வீட்டுக்குள் பூட்டி வைத்து வேலை நேரத்தில் எடுத்து வாருங்கள். எரிவாயுவில் ஓடும் வெந்நீர்க் கொதிகலன் இருக்கும் அறையைத் தவிர்த்துவிடுங்கள். அதற்குள் எப்போதும் ஒரு சிறு சுடர் எரிந்துகொண்டிருக்கலாம்.

தரையில் கார்ப்பெட் கூடாது. சிந்திய மருந்துத் துகளும் உருண்டோடிய பிரைமரும் அதன் இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு யாராவது அதன் மேல் வேக்குவம் கிளீனரை ஓட்டினால், மோட்டாரின் தீப்பொறிக்கு நாமே மருந்தை ஊட்டினது போலாகிவிடும். டைல்ஸ், சிமென்ட், மொழுக்கென்ற மரத்தரை, இவற்றில் எதுவானாலும் சரி.

மேசை எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட உறுதியாக. சுட்டதில் விரிந்துபோன ரைஃபிள் கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். பிரஸ் என்ற அழுத்துக் கருவியின் கைப்பிடியைக் கீழே இழுக்கும்போது கூடு மேலே ஏறி டை என்ற அச்சுக்குள் நுழைகிறது. அந்த நேரத்தில் உங்கள் உடம்பின் பாரத்தில் பாதி மேசையின் முன் விளிம்பில் இறங்குகிறது. மேசை லேசானது என்றால் பின்கால்கள் தரையைவிட்டு எழும்பும். கைப்பிடியை மேலே தூக்கும்போது இதற்கு நேர் எதிர். டைக்குள் இருக்கும் விரிப்பான் (கழுத்தை உள்ளிருந்து சரியான அளவுக்கு விரிக்கும் குமிழ்) கூட்டின் கழுத்தைப் பிடித்து இழுக்கும், முன்விளிம்பு மேலே வரப் பார்க்கும். ஒரு கூட்டுக்கு இப்படி இரண்டு ஆட்டம் என்றால் நூறு கூட்டுக்கு எத்தனை என்று பாருங்கள்.

மேசை ஆடினால் கை சோர்வதோடு போகாது. அதே மேசையில் மருந்து நிரப்பிய கூடுகள் வாய் திறந்து நிற்கின்றன. ஓர் உலுக்கில் ஒரு கூட்டிலிருந்து நாலு துகள் சிந்திவிட்டால், எந்தக் கூடு என்று கண்டுபிடிக்க முடியாது. அத்தனையையும் கொட்டி மறுபடி நிறுக்க வேண்டியதுதான்.

அதனால் மேசையைச் சுவரோடு சேர்த்துப் பிணைப்பதே சிறந்த வழி. மரச்சட்டச் சுவர் என்றால் வெறும் பலகையில் திருகாமல் உள்ளே இருக்கும் சட்டத்தில் திருகுங்கள். செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் விரியும் போல்ட் போடுங்கள். சுவரைத் துளைக்க முடியாத வீட்டில் மேசையின் கீழ்த்தட்டில் பாரம் ஏற்றுங்கள். மணல் மூட்டை போதும், குண்டுப் பெட்டிகளையே அடுக்கினாலும் சரி. ஈயம் நன்றாகவே கனக்கும்.

மேல்பலகைக்கு எந்த மரம்?

18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டைப் பசை போட்டு ஒட்டி, திருகாணியால் இறுக்குங்கள். 36 மில்லிமீட்டர் தடிமன் கிடைக்கும். பிரஸ்ஸுக்கு அது தாராளம். மரத்தூள் பலகை வேண்டாம். போல்ட் இறுக இறுக அது நொறுங்கி, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். பழைய கதவை மேல்பலகையாக்குவதும் உண்டு. ஆனால் உள்ளே கூடாக இல்லாத, முழு மரக் கதவாக இருக்க வேண்டும்.

மேற்பரப்பு வெளிர் நிறத்தில், வழவழப்பாக இருக்கட்டும். மருந்துத் துகள் பெரும்பாலும் கறுப்பு அல்லது கருஞ்சாம்பல். வெளிர் பரப்பில் ஒரு துகள் விழுந்தாலும் கண்ணில் படும். பின்பக்கமும் இரு ஓரமும் விரல் உயரத்துக்குச் சின்னச் சட்டம் அடித்துவிடுங்கள். உருளும் குண்டும் பிரைமரும் சுவருக்குப் பின்னால் போய் விழாது. முன்பக்கம் சட்டம் வேண்டாம், கை இடிக்கும்.

உயரம், நீளம், அகலம்?

நின்று வேலை செய்கிறவருக்கு மேசை முழங்கை உயரத்தை ஒட்டி வந்தால் நல்லது. பெரும்பாலோருக்கு அது 36 முதல் 42 அங்குலத்துக்குள் அமையும். உட்கார்ந்து செய்வதென்றால் எழுதும் மேசை உயரமான 28, 30 அங்குலம் போதும். எனக்குப் பிடித்தது உயர மேசையும் உயர முக்காலியும். கூட்டின் அளவைச் சுருக்கும்போது நிற்கலாம், நிறுக்கும்போது உட்காரலாம்.

மேசையை முடிவு செய்யும் முன் பிரஸ்ஸைத் தற்காலிகமாக ஓரிடத்தில் பிடித்து வைத்து கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். கீழே போகும்போது இடுப்பு வளையக்கூடாது, மேலே வரும்போது தோள் ஏறக்கூடாது. இன்னொன்றும் முக்கியம். குண்டை வைப்பதற்கு முன் கூட்டின் வாய்க்குள் பார்த்து, மருந்து இருக்கிறது என்று உங்கள் கண்ணாலேயே உறுதி செய்ய முடிய வேண்டும். எட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றால் நாளடைவில் எட்டிப் பார்ப்பதை விட்டுவிடுவீர்கள். உயரத்தை இந்தக் கணக்கில் முடிவு செய்யுங்கள்.

அகலம் இரண்டு அடி, நீளம் நாலு முதல் ஆறு அடி. அதற்கு மேல் இருந்தால் சாமான்தான் சேரும்.

பிரஸ்ஸை எங்கே, எப்படிப் பொருத்துவது?

மேசைக்காலுக்கு மேலேயோ, அதற்கு மிக அருகிலோ. இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்தால் பலகை வில்லாக வளையும். வெறும் திருகாணி போட்டு நிறுத்தாதீர்கள், சில வாரத்தில் தளர்ந்துவிடும். பலகையை முழுக்கத் துளைத்துப் போகும் போல்ட், அடியில் அகல வாஷர் அல்லது ஓர் இரும்புப் பட்டை, அதற்கு மேல் நட். அப்புறம் கைப்பிடி சுழலும் பக்கம் சுவரோ அலமாரியோ இடிக்காமல் இடம் விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய பிரைமர் வந்து விழும் குழாய்க்கும் கீழே இடம் வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவி இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பலகைத் துண்டில் பொருத்திக்கொள்ளுங்கள். எல்லாத் துண்டிலும் போல்ட் ஓட்டைகள் ஒரே அமைப்பில் இருக்கட்டும். எது வேண்டுமோ அதை மட்டும் மேசையில் இறுக்கலாம், மற்றது தட்டில் கிடக்கும்.

முதல் பிரஸ் எது?

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்கிற, ஒற்றை டை பிரஸ். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஐந்தாறு வேலை ஒன்றாக முடியும் வேகப் பிரஸ்களும் உண்டு. மாதம் ஆயிரக்கணக்கில் சுடும் போட்டிக்காரருக்கு அது தேவைதான். ஆனால் அங்கே ஒரே நேரத்தில் பல இடங்களைக் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பிரஸ்ஸில் ஒவ்வொரு படியும் தனியாகக் கையில் தட்டுப்படும். கூடு டைக்குள் நுழையும் இறுக்கம், பிரைமர் தன் குழியின் அடியைத் தொடும்போது விரலுக்குத் தெரியும் அந்த மெல்லிய நிறுத்தம், இதெல்லாம் கைக்குப் பழகிய பிறகு வேகப் பிரஸ்ஸுக்குப் போனால் அங்கே ஏதாவது தவறும்போது கையே சொல்லிவிடும். பழகாமல் போனால் தவறினது தெரியவே தெரியாது.

தராசை எங்கே வைப்பது?

முடிந்தால் பிரஸ் இருக்கும் மேசையில் வேண்டாம். சுவரில் தனியாக ஒரு சின்னத் தட்டு அடித்து அதில் வையுங்கள். பிரஸ்ஸின் அதிர்வு அங்கே போகாது. கோல் தராசு என்றால் முள் கண்ணுக்கு நேர் மட்டத்தில் வர வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓர் அளவு, கீழிருந்து பார்த்தால் ஓர் அளவு காட்டும்.

இந்த வேலையில் மருந்தைக் கிரெய்ன் என்ற அலகில் நிறுப்பார்கள். ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம், 7000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. தராசில் பத்தில் ஒரு கிரெய்ன் வரை பார்ப்போம். இவ்வளவு நுண்ணிய எடையில் மின்விசிறிக் காற்று, ஏ.சி. காற்று, பக்கத்தில் வைத்த கைப்பேசி எல்லாம் கணக்கைக் குலைக்கும். டிஜிட்டல் தராசை வேலைக்கு அரை மணி நேரம் முன்பே ஓடவிடுங்கள். சோதனை எடைக்கல் வாங்கிக்கொள்ளுங்கள். தொடங்கும்போது ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை அதை வைத்துப் பாருங்கள். முடிவில் தராசு பிசகியிருந்தால், கடைசியாகச் சரிபார்த்த நேரத்துக்குப் பின் நிறுத்ததெல்லாம் சந்தேகத்துக்குரியது.

வெளிச்சத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள்?

மருந்து இல்லாத தோட்டாவும் இரட்டை மருந்துத் தோட்டாவும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். மருந்து இல்லாததைச் சுட்டால் பிரைமரின் வேகம் மட்டும் குண்டைத் தள்ளி, குழல் பாதியில் சிக்கவைத்துவிடும். சுட்டவருக்குச் சத்தம் மந்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். இரட்டை மருந்து விழுந்திருந்தால் முதல் சூட்டிலேயே துப்பாக்கி சிதறலாம். கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் இந்த ஆபத்து அதிகம். அவற்றுக்கு வேகமாக எரியும் மருந்து கொஞ்சமே போதும். அது கூட்டின் பாதியைக்கூட நிரப்பாது, இரண்டாம் தடவை ஊற்றினாலும் வழியாது.

இதைப் பிடிக்க முக்கியமான வழி பார்வை. கூடுகளை ஓட்டை போட்ட கட்டையில் வரிசையாக நிறுத்தி மருந்து நிரப்பி, ஒரு குண்டு கூட வைக்கும் முன் விளக்கை நேர் மேலே பிடித்து ஒவ்வொரு வாயாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் மருந்தின் மட்டம் ஒரே ஆழத்தில் தெரியும். ஒன்று மட்டும் இருட்டாக இருந்தால் அது காலி. ஒன்று மட்டும் வாயருகே மேலேறி நின்றால் அது இரட்டை. கொஞ்சம் பழகினால் வரிசையில் பிசகினது தானாகவே கண்ணை இழுக்கும்.

ஆக, தலைக்கு மேலே நீண்ட எல்.இ.டி. விளக்கு ஒன்று, வளைத்துத் திருப்பக்கூடிய சின்ன விளக்கு ஒன்று, கையில் டார்ச் ஒன்று. சூடாகும் பழைய குண்டு பல்பும் ஹேலஜனும் மருந்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மேசையின் மேல் என்னென்ன இருக்கலாம்?

அந்த நேரத்து வேலைக்கு வேண்டியது மட்டும். குறிப்பாக மருந்து டப்பா ஒன்றே ஒன்று. இரண்டு டப்பா திறந்திருந்தால் என்றைக்காவது ஒன்றிலிருப்பது இன்னொன்றுக்குள் போகும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்து, எரியும் வேகத்தில் எங்கோ தள்ளி நிற்கலாம். வேலை முடிந்ததும், மருந்தை அளந்து ஊற்றும் அளவுக்குழாயில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். மறுநாளைக்கு என்று விட்டு வைக்காதீர்கள். எந்த மருந்து என்று மறந்துபோகும். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து சில பிளாஸ்டிக்குகளை அரிக்கவும் செய்யும். பெயர் தெரியாத மருந்தைப் பார்த்தோ முகர்ந்தோ இனம் காண முடியாது. அது பயன்படாத மருந்து, அவ்வளவுதான்.

மருந்தையும் பிரைமரையும் எப்படிப் பத்திரப்படுத்துவது?

வாங்கிய பெட்டியிலேயே, குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில், பூட்டி, ஒன்றைவிட்டு ஒன்றைத் தள்ளி.

மருந்துக்குக் கனத்த இரும்புப் பெட்டி வேண்டாம். இந்த வேலைக்குப் பயன்படும் புகையில்லா மருந்து திறந்த இடத்தில் வேகமாக எரியும், ஆனால் வெடிக்காது. இறுக்கமாக அடைத்து வைத்த இடத்தில் எரிந்தால் வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி வெடிக்கும். தயாரிப்பாளரின் டப்பா தீயில் சீக்கிரம் திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. அதைக் கண்ணாடி ஜாடிக்கோ கனத்த டப்பாவுக்கோ மாற்றக்கூடாது. அமெரிக்கத் தேசியத் தீத் தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 495 விதித்தொகுப்பு, வீட்டில் 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்கலாம் என்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டி கேட்கிறது. இரும்பு போல மரம் அழுத்தத்தைத் தேக்காது, வெப்பத்தையும் மெதுவாகத்தான் உள்ளே விடும். பிரைமருக்கு அந்த விதித்தொகுப்பில் 10,000 எண்ணம்தான் உச்சவரம்பு. உங்கள் ஊர் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம், அப்போது அதுதான் கணக்கு.

பிரைமரிடம் எனக்கு மருந்தைவிட மரியாதை அதிகம். அடி, சூடு, நிலைமின்னூட்டம் எதற்கும் அது கிளம்பும். பெட்டிக்குள் ஒவ்வொன்றும் தனிக் குழியில் இருப்பது ஒன்று வெடித்தால் அடுத்ததுக்குத் தாவாமல் இருக்கத்தான். அதையெல்லாம் கொட்டி ஒரு சீசாவில் சேர்த்து வைத்தால் அது கையெறி குண்டுக்குச் சமம். வேண்டிய எண்ணிக்கையை மட்டும் தட்டில் எடுங்கள், மீதியை உடனே பெட்டிக்குத் திருப்புங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டுமா?

ஆமாம். முதல் பிரைமரிலிருந்து கடைசிக் குண்டு வரை.

ஈயம் பற்றிச் சொல்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான், பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டுக்குள் அதன் சாம்பல் ஒட்டியிருக்கும். உமி போன்ற உலர்ந்த தூளோடு கூடுகளைச் சுழற்றித் துலக்கும் இயந்திரத்தைத் திறக்கும்போது எழும் தூசி அதுவே. அந்த இயந்திரம் வீட்டுக்கு வெளியே ஓடட்டும், அல்லது தண்ணீரில் துலக்கும் வகைக்கு மாறிவிடுங்கள். மேசையில் சாப்பாடு, டீ, சிகரெட் எதுவும் கூடாது. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வேலைச் சட்டையை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதனால் வரும் கெடுதல் அதிகம். அடிக்கடி செய்கிறவர்கள் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

தீயணைப்பான் எங்கே?

அறைக் கதவருகே. மேசைக்கு மேலே மாட்டினால் தீயைத் தாண்டிக் கை நீட்ட வேண்டியிருக்கும். அது காகிதத்திலோ வயரிலோ பிடித்த சின்னத் தீயை மருந்துக்குப் போகும் முன் அணைக்கத்தான். மருந்தே எரியத் தொடங்கினால் நிற்காதீர்கள். எரியத் தேவையான ஆக்ஸிஜன் மருந்துக்குள்ளேயே இருக்கிறது, காற்றை மறைத்து அதை அணைக்க முடியாது. எல்லோரையும் வெளியே கூட்டிப் போய் தீயணைப்புத் துறையை அழையுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

தனி மேசைக்கு இடமே இல்லை. என்ன செய்வது?

பிரஸ்ஸைக் கனத்த பலகையில் போல்ட் போட்டுப் பொருத்தி, வேலை நேரத்தில் உறுதியான மேசை ஒன்றில் கவ்விகளால் இறுக்கிக்கொள்ளலாம். கழற்றி அலமாரியில் பூட்டிவிடலாம். சாப்பாட்டு மேசையாக மட்டும் இருக்கக்கூடாது, மேலே சொன்ன ஈயம்தான் காரணம். கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு இந்த ஏற்பாடே போதும். பெரிய ரைஃபிள் கூடுகளுக்குத் திணறும்.

நடுவில் யாராவது கூப்பிட்டால்?

கூட்டைச் சுருக்கும் வேலையென்றால் எழுந்து போங்கள், பரவாயில்லை. மருந்து ஊற்றும் நேரமென்றால் யாரும் கூப்பிடாதபடி முன்பே சொல்லி வையுங்கள். கைப்பேசி வெளியே இருக்கட்டும், டி.வி. வேண்டாம். அப்படியும் எழ வேண்டி வந்து, திரும்பி உட்காரும்போது எந்தக் கூடு வரை ஊற்றினோம் என்று ஒரு கணம் யோசிக்க நேர்ந்தால், கட்டையில் இருக்கும் அத்தனை கூட்டையும் டப்பாவில் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். பத்து நிமிட வேலைதான்.

என்னென்ன எழுதி வைக்க வேண்டும்?

ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் தேதி, குண்டின் வகையும் எடையும், மருந்தின் பெயரும் அளவும், பிரைமர், கூடு எத்தனையாவது தடவை நிரப்பப்படுகிறது என்பது. அதே விவரத்தை ஒரு நோட்டிலும் ஏற்றுங்கள். ஒரு பெட்டியில் ஏதோ கோளாறு என்று தெரிந்தால் அதே நாளில் செய்த மற்றவற்றையும் தேடி எடுக்க அந்த நோட்டு வேண்டும்.

பல வருடம் கிடந்த மருந்தைப் பயன்படுத்தலாமா?

டப்பாவைத் திறந்து பாருங்கள். நல்ல மருந்தில் ஈதர் போன்ற கரைப்பான் வாசனை லேசாக இருக்கும். புகையில்லா மருந்தின் அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ் மெதுவாகத் தானே சிதையும். அதைத் தடுக்கத்தான் டைஃபீனைலமீன் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்க்கிறார்கள். அது தீர்ந்துபோனால் அமில நெடி மூக்கைத் துளைக்கும், செம்பழுப்புத் தூசியோ புகையோ தெரியும், மூடியின் உலோகம் துருவேறியிருக்கும். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த டப்பாவை அன்றைக்கே வீட்டுக்கு வெளியே எடுத்து, வெயில் படாத, மற்ற மருந்துக்குத் தொலைவான இடத்தில் வைத்துவிட்டு, எப்படி அழிப்பது என்று தயாரிப்பாளரிடமோ தீயணைப்புத் துறையிடமோ கேளுங்கள். நெடி சந்தேகமாக இருக்கிறது, ஆனால் தூசி இல்லை என்றாலும் இதையேதான் செய்ய வேண்டும்.